காயம் வரும் முன்பே அணி தயாராக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிக் கால்பந்துப் போட்டிகள் பற்றிய செய்திகளில் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘முக்கிய வீரர்கள் காயமடைந்ததால் அணி தோற்றது’ என்பது ஒன்று. ‘வலியைப் பொருட்படுத்தாமல் ஆடி வெற்றி தேடித் தந்தார்’ என்பது மற்றொன்று. முதலாவது, காயத்தைத் தலைவிதியாகக் காட்டுகிறது. இரண்டாவது, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பணயம் வைப்பதைப் பெருமையாக்கிவிடுகிறது. அடுத்தடுத்து ஆட்கள் விழுந்தாலும் நிலைகுலையாத அணியைக் கல்லூரிப் பயிற்சியாளரால் உருவாக்க முடியும். அதற்கான வேலையில் பெரும்பகுதி பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது என்ன வேலை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐரோப்பியத் தொழில்முறை அணிகளில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு, 25 பேர் கொண்ட அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 50 காயங்களை எதிர்பார்க்க வேண்டும் என்று கண்டது. மருத்துவர், பிசியோ, உடற்தகுதிப் பயிற்சியாளர் எல்லாரும் கூடவே இருக்கும் இடத்தில் வந்த கணக்கு இது. கல்லூரி அணிக்கு ஆட்டங்கள் குறைவுதான். ஆனால் அவை நாள் விட்டு நாள், சில போட்டிகளில் அன்றாடம் கூட வருகின்றன. ஆகவே யாருக்காவது காயம் பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. எந்த இடத்தில் ஆள் விழுந்தால் யார் வருவார், அவர் வந்தால் அவருடைய இடத்துக்கு யார் என்று தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

22 பேர் இருக்கிறார்கள், ஓர் இடத்துக்கு இருவர், போதும் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். தாளில் சரியாக வரும் இந்தக் கணக்கு களத்தில் பொய்த்துப் போவதற்குக் காரணம் பயிற்சி நடக்கும் விதம். வாரம் முழுக்க முதல் பதினொருவர் ஒரு பக்கம், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் என்றே ஆடினால், இரண்டாம் நிலை சென்டர் பேக் (கோலுக்கு முன் நடுவில் நிற்கும் தற்காப்பாளர்) முதல் அணியின் சென்டர் பேக்குடன் சேர்ந்து ஒரு முறை கூட நின்றிருக்க மாட்டார். யார் பந்தை நோக்கி முன்னேறுவது, யார் பின்னால் காப்பது, ஆஃப்சைடு கோட்டை எப்போது உயர்த்துவது என்பதெல்லாம் பேசிப் பேசிப் படியும் பழக்கம். அது இல்லாதவர் அரை நொடி தாமதிப்பார். அந்த இடைவெளியில் பந்து நழுவி உள்ளே போகும். பிறகு ‘பையனுக்கு அனுபவம் போதவில்லை’ என்பார்கள். அவரைத் தனியாகவே ஆடவைத்துவிட்டு அவர்மேல் பழி போடுவது அநியாயம்.

இதற்கு மாற்று எளிது. வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்திலாவது தற்காப்பு வரிசையில் ஒருவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாவது கோல்கீப்பரை முதல் நிலைத் தற்காப்பாளர்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். கலந்து ஆடவைப்பதில் முதலிடம் சென்டர் பேக் இருவருக்கும் கோல்கீப்பருக்கும். அடுத்தது நடுக்களத் தற்காப்பாளருக்கு. ஓரங்களில் ஓடித் தாக்கும் விங்கர்கள் ஓரளவு தாமாகவே பொருந்திக்கொள்வார்கள்.

ஒவ்வொரு வீரருக்கும் இரண்டாவது இடம் ஒன்று பருவம் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் வேலையாக அது இருந்தால்தான் பலிக்கும்: நடுக்களத் தற்காப்பாளர் சென்டர் பேக்காக, ஓரத் தற்காப்பாளர் விங்கராக, விங்கர் முன்கள வீரராக. வாரத்துக்கு 20 நிமிடம் அந்த இடத்தில் ஆடிப் பழகினால், ஆட்டத்தின் நடுவே கைகாட்டும்போது திகைக்க மாட்டார். மாற்று வீரர்கள் தீர்ந்த பிறகு கோல்கீப்பர் விழுந்தால் என்ன செய்வது? களவீரர் ஒருவருக்கு உயரப் பந்தைப் பிடிப்பதையும் தனியாக வரும் எதிரியிடம் கோணத்தைக் குறுக்குவதையும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பலருக்கு இது அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

கார்னர் கிக் விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் சாதாரணமானது. உயரமான தற்காப்பாளர் வெளியேறி மாற்று வீரர் வந்ததும், எதிரணியின் உயரமான ஆளை யார் பிடிப்பது என்று குழம்பி, அடுத்த கார்னரிலேயே கோல் வாங்குகிறார்கள். கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி ஒவ்வொன்றுக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் பெயர்கள் எழுதிய அட்டை பெஞ்சில் இருக்கட்டும். உள்ளே போகுமுன் மாற்று வீரருக்கு அதைக் காட்டி, ‘நீ பிடிக்க வேண்டியது ஒன்பதாம் எண்ணை’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

மூன்றாம் நிலை வீரரையும் இப்படித் தயார் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்தான் தாக்குதலை நடத்துபவர். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் முதல் நிலை குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் 2014 பருவம் தொடங்கும் முன்பே தோள் காயத்தால் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ஜே.டி.பாரெட் நவம்பர் இறுதியில் மிச்சிகனுக்கு எதிராகக் கணுக்கால் எலும்பு முறிந்து வெளியேறினார். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் தொடக்க வீரராகக் களமிறங்கிய முதல் ஆட்டமே மண்டல இறுதி. அதில் விஸ்கான்சினை 59-0 என்றும், அடுத்து அலபாமாவை 42-35 என்றும், 2015 ஜனவரி 12 அன்று ஆரிகனை 42-20 என்றும் வென்று அணி தேசியப் பட்டம் பெற்றது. ஆட்ட முறை முழுவதையும் அறியாத ஒருவரால் இது முடிந்திருக்காது.

இனி, காயங்களைக் குறைப்பது. ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ வார்ம்-அப் முறையைப் பின்பற்றச் செலவே இல்லை. மொத்தம் 15 பயிற்சிகள். சுமார் 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவோட்டம், அடுத்த 10 நிமிடம் வலிமை, குதித்தல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திசை மாற்றமும். ஆட்ட நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டப் பகுதிகளை மட்டும் செய்தால் போதும். 2012 பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கால்பந்து அணிகளிடையே இதைச் சோதித்தபோது, பின்பற்றிய அணிகளில் காயங்களின் விகிதம் ஏறத்தாழ 46 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது, பருவம் முழுக்கச் செய்ய வேண்டும். நாலு வாரம் செய்துவிட்டு ஆட்டங்கள் நெருங்கியதும் ‘நேரமில்லை’ என்று கைவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. மற்றொரு குறை, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிவதை யாரும் திருத்துவதில்லை. திருத்தாமல் செய்யும் பயிற்சி வெறும் குதிப்பாகவே முடிந்துவிடும்.

ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடையின் பின்தசைக் காயத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கால்பந்தில் அடிக்கடி வருவதும், வந்தவருக்கே மீண்டும் வருவதும் இதுதான். முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பெரும்பாலும் கிழிவது அந்தக் கணத்தில்தான். ஆகவே, நீளும் நிலையில் தசைக்கு வலு சேர்க்க வேண்டும். அதற்கு நோர்டிக் பயிற்சி: முழங்காலிட்டு நின்று, துணைவர் கணுக்கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தலைவரை நேர்க்கோடாக வைத்து முன்னால் மெல்லச் சாய வேண்டும். தாங்க முடியாத கட்டத்தில் கைகளால் தரையை ஊன்றிக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஒரு நாள், 5 முறை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 முறை வீதம் 3 சுற்று. நான்காம் வாரம் அதையே 8 முதல் 10 முறையாக்கலாம். ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை 12, 10, 8 என மூன்று சுற்று. பருவம் தொடங்கிய பின் வாரத்துக்கு ஒருமுறை போதும். இந்தப் பயிற்சியைச் சேர்த்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ‘செய்து பார்த்தோம், பையன்கள் நடக்கவே முடியவில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மூன்று சுற்று செய்யவைத்தவர்கள், அல்லது ஆட்டத்துக்கு முந்தைய நாள் தொடங்கியவர்கள். இடுப்பை மடித்துச் சாய்வதும் கூடாது. அப்படிச் செய்தால் தசைக்குச் சுமையே போவதில்லை.

கவட்டைத் தசைக்குக் கோபன்ஹேகன் பயிற்சி (பக்கவாட்டில் படுத்து, துணைவர் மேல்காலைப் பிடித்திருக்க, உடலை உயர்த்துவது) இதேபோல் பயன் தரும். படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தும்.

கல்லூரி அணிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: தேர்வும் விடுமுறையும். மூன்று வாரம் உட்கார்ந்து படித்தவர்களைத் திரும்பிய முதல் வாரமே பழைய அளவுக்கு ஓடவைத்தால் தசைகள் கிழியும். சுமையை அளக்கக் கருவி தேவையில்லை. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, ‘எவ்வளவு கடினமாக இருந்தது, 0 முதல் 10க்குள் சொல்’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், மதிப்பெண் 6 என்றால் 540. ஏழு நாள் கூட்டுத்தொகை அவருடைய வாரச் சுமை. இடைவெளிக்குப் பிறகு பழைய சுமையில் பாதியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் மேலே கொண்டுவாருங்கள். ஒரே பயிற்சிக்கு எல்லாரும் 5 சொல்லும்போது ஒருவர் மட்டும் 9 சொன்னால், அவரைத் தனியாக அழைத்துத் தூக்கத்தையும் உடல்நிலையையும் விசாரிக்க வேண்டும்.

களத்தில் ஒருவர் விழும்போது பயிற்சியாளருக்கு மருத்துவ அறிவு நிறைய வேண்டாம். சில விதிகளில் பிடிவாதம் வேண்டும். கணுக்கால் திரும்பியவரால் நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் முட்டுகளின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே கட்டாயம். முதல் இரண்டு மூன்று நாள் சூடு ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். தலையில் அடிபட்டு மந்தமாகவோ தள்ளாடியோ இருப்பவர் அன்று திரும்ப ஆடவே கூடாது, அவரே கெஞ்சினாலும் சரி. திரும்பத் திரும்ப வாந்தி, கழுத்துவலி, இரட்டைப் பார்வை, வலிப்பு, கைகால் மரத்தல், மயக்கமடைதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரே மருத்துவமனைக்குத்தான். தலைக்காயத்துக்குக் கூடுதல் மாற்று வீரரை இறக்கும் வசதியை 2024-25 ஆட்ட விதிகள் போட்டி அமைப்பாளர்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. போட்டி தொடங்கும் முன்பே அதைக் கேட்டு வாங்குவது பயிற்சியாளரின் பொறுப்பு.

அணி உடைவது பெரும்பாலும் காயமடைந்தவர் அவசரமாகத் திரும்பும்போதுதான். ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தவர் மூன்றாம் வாரத்தில் மெதுவாக ஓடிப் பார்ப்பார், வலி இருக்காது. ‘சரியாகிவிட்டது’ என்பார். ஆட்டத்தில் முதல் முழு வேக ஓட்டத்தில் அதே இடம் மறுபடி கிழியும். இந்த முறை ஓய்வு இன்னும் நீளும். நாட்களை மட்டும் எண்ணாமல் படிகளை எண்ண வேண்டும். நேராக மெதுவோட்டம், பிறகு 70 சதவீத வேகம், பிறகு 90, பிறகு திசை மாற்றம், பிறகு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி. மறுநாள் காலை வலியோ இறுக்கமோ இல்லையென்றால்தான் அடுத்த படி. முழு வேக ஓட்டத்தைப் பல பயிற்சிகளில் செய்து காட்டிய பிறகே ஆட்டம், அதுவும் முதலில் கடைசி 20, 30 நிமிடங்கள்.

முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுவை சிகிச்சைக்குக் கணக்கு இன்னும் கடுமை. ஒன்பது மாதம் வரை காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்துக்கான வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்குகிறது என்று நோர்வே ஆய்வு ஒன்று கண்டது. அத்துடன், தொடை முன்தசையின் வலிமை மறுகாலின் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். இறுதியாட்டம் எட்டாம் மாதத்தில் வருகிறது என்பதற்காகத் தசைநார் விரைந்து ஆறாது. வலி மாத்திரையோ ஊசியோ போட்டு இறக்குவது, உடல் தரும் எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஆடவிடுவதாகும். ஒரு கோப்பைக்காக இதைச் செய்யும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை.

ஒதுங்கியிருக்கும் வீரரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தனிமையில் விடப்பட்டவர்தான் வலியை மறைத்துக்கொண்டு சீக்கிரம் திரும்பப் பார்ப்பார். பயிற்சிக்கு வரட்டும். உடலின் மற்றப் பகுதிகளுக்கு வலுப் பயிற்சி செய்யட்டும். எதிரணியின் கார்னர் முறைகளைக் குறித்துக் கொடுக்கட்டும். தன் இடத்தில் ஆடும் இளையவருக்கு இடைவேளையில் சொல்லிக் கொடுக்கட்டும்.

ஆட்ட முறையையும் ஆளுக்கேற்ப மாற்றத் துணிய வேண்டும். வேகமான விங்கர் இல்லாதபோது மெதுவான ஒருவரை அதே ஓரத்தில் நிறுத்தி அதே நீளப் பந்துகளை அனுப்பினால், பந்து எதிரணியிடம்தான் போகும். நான்கு தற்காப்பாளர், மூன்று நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர் என்ற 4-3-3 வேண்டாம், 4-4-2க்கு மாறி, நடுக்கள வரிசையில் நால்வரை நிறுத்தி, குறுகிய பாஸ்களில் முன்னேறலாம். ஆட்கள் களைத்திருக்கும் வாரத்தில் எதிரணியை அவர்கள் பாதியிலேயே நெருக்குவதை விட்டு, நடுக்கோட்டுக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கலாம். இந்த இரண்டாவது முறையையும் பருவத்துக்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். காயத்திலிருந்து திரும்பிய வீரர் கோல் அடித்த செய்தியை எழுதும்போது, அவர் அதற்கு முன் எத்தனை முழுப் பயிற்சிகளை முடித்தார், யார் அனுமதித்தார் என்று உங்கள் செய்தியாளர் பயிற்சியாளரிடம் கேட்டு எழுதட்டும். அவர் இல்லாத வாரங்களில் அந்த இடத்தில் ஆடியவரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்