பாவத்தை விட்டுவிட்டால் சுவிசேஷத்தில் மீதி என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆதித்திருச்சபையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் கிறிஸ்தவர்கள் அன்பை மட்டுமே போதித்தார்கள், மனிதன் பாவி என்ற பேச்சை வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன்தான் பிற்பாடு சபைக்குள் கொண்டுவந்தார் என்கிறார் கட்டுரையாளர். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. கன்வென்ஷன் பந்தலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் நரகத்துக்கு அனுப்புகிற பிரசங்கங்களைக் கேட்டு நானும் மனம் நொந்து வீடு திரும்பியிருக்கிறேன். அதற்காக வரலாற்றை மாற்றிச் சொல்லலாமா?

பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபத்தை எழுதியது கி.பி. 55 வாக்கில். தாம் பெற்று அவர்களுக்கு ஒப்புவித்த சுவிசேஷம் என்று 15ஆம் அதிகாரத்தில் அவர் முதலாவது சொல்வதே, கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார் என்பதுதான். அவருக்கு முன்பே சபையில் வழங்கிய அறிக்கை அது. அகுஸ்தீன் பிறந்ததோ 354இல்.

ரோமர் நிருபத்தையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். முதல் அதிகாரத்தில் விக்கிரக வணக்கம், பொறாமை, கொலை, வஞ்சகம் என்று புறஜாதியாரின் பாவங்கள் நீளும்போது, பக்திமான் ஒருவர் தலையாட்டிக்கொண்டே கேட்டிருப்பார். இரண்டாம் அதிகாரம் தொடங்கியதும் பவுல் அவர் பக்கம் திரும்பிவிடுகிறார்: "நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." மூன்றாம் அதிகாரத்தில் எல்லாரும் பாவஞ்செய்தார்கள் என்ற 23ஆம் வசனத்தை நம் பிரசங்கியார்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது அரை வாக்கியம். இலவசமாய், அவருடைய கிருபையினாலே நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்று 24ஆம் வசனத்தில்தான் முடிகிறது. முன்பாதியை மட்டும் சொல்லி மிரட்டுவது பவுலின் சுவிசேஷமாகாது. பின்பாதியை மட்டும் சொன்னாலும் ஆகாது. எதிலிருந்து மீட்பு என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆதாமின் பாவம் பிள்ளைகளைத் தொடர்கிறது என்ற எண்ணமும் அகுஸ்தீனுக்கு முந்தியதே. 250களில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியன், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, விருத்தசேதனத்துக்குப் போல எட்டாம் நாள்வரை காத்திருக்கவேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினார். ஆதாமின் வழியில் பிறந்தது தவிர அந்தக் குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை, அதற்கு மன்னிக்கப்படுவது பிறருடைய பாவம் என்கிறார். ஆதாமின் பாவம் அவன் சந்ததியைத் தொடரவில்லை என்று போதித்த பெலாஜியஸோடு அகுஸ்தீன் வாதாடியபோது, ஆதாமின் குற்றமே நம்மேல் இருக்கிறது என்று இதை இறுக்கினார் என்பது உண்மை. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கமும் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது. கிரேக்கம் பேசிய கிழக்கத்திய சபைப் பிதாக்களோ குற்றத்தைவிட, ஆதாமால் வந்த மரணத்தையும் சீர்கேட்டையும் பற்றியே அதிகம் பேசினார்கள். கட்டுரையாளர் இந்த வேறுபாட்டை எழுதியிருந்தால் நானும் சேர்ந்து வரவேற்றிருப்பேன்.

இந்தப் போதனை சபையை எப்படி நடத்தியது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 250இல் ரோமப் பேரரசன் டெசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஆணையிட்டான். அந்தப் பாப்பிரஸ் சீட்டுகள் எகிப்தில் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலி செலுத்துகிறவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றிப் பலியிட்டதைப் புசித்தேன் என்று விண்ணப்பம். கீழே அதிகாரிகளின் கையெழுத்து. உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்களும், பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உபத்திரவம் தணிந்ததும் அவர்கள் சபை வாசலில் அழுதுகொண்டு வந்து நின்றார்கள்.

இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் மூப்பராயிருந்த நொவாத்தியன். அவர்கள் செய்தது கொடிய பாவம் என்பதில் சிப்ரியனுக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், மனந்திரும்பினவர்களுக்குக் கதவை மூடவில்லை. பலியிட்டவர்களை, பாவத்துக்காக வருந்தும் நீண்ட தவத்துக்கு உட்படுத்தினார்கள். ஓரிரு ஆண்டுகளில் மறுபடி உபத்திரவம் வரும்போலிருந்தது. விழுந்தவர்கள் இந்த முறை நிற்கவேண்டுமானால் அவர்களுக்கும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் வேண்டும் என்று சொல்லி, தவத்திலிருந்த எல்லாரையும் உடனே திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றை ஒரு தனிக் கட்டுரையாக உங்கள் இதழில் வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.