முன்விரோதம்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் பேசவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். "லீவு போட்டு வர்றேன்பா, குடிச்சிட்டு கார்ல மோதி நம்ம பாப்பாவைக் கொன்னவனை முடிச்சிட்டுத்தான் திரும்புவேன்" என்றாய். கோபத்தில் சொன்ன பேச்சில்லை என்று குரலிலேயே தெரிந்தது. நானும் ஒரு நாள் அப்படிக் கிளம்பினவன்தான். அம்மாவுக்கு இதுவரை தெரியாது.

பாப்பாவுக்குக் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் விடிகாலை, வீல் ஸ்பேனரைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போனேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு அந்த இரும்பின் கனம் கைப்பழக்கம். எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றேன். அவன் ஜாமீனில் வந்திருந்தான். ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வாங்க வெளியே வந்தான். இடது கையில் மாவுக்கட்டு. என்னை ஒட்டி நின்று, "கொஞ்சம் நகருங்கய்யா" என்றான்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தம்பி. நான் நகர்ந்து நின்றேன். மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

கை எழும்பாததற்குப் பயம் காரணமில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்றே தெரியாமல் செத்திருப்பான். அவன் கூண்டில் நிற்கவேண்டும். பாப்பாவின் பெயரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் காதால் கேட்கவேண்டும். வீட்டுக்கு வந்து ஸ்பேனரைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

வக்கீல் சொன்னதை நீயும் யோசித்துப் பார். குற்றம் சாட்டப்பட்டவன் செத்துவிட்டால் அவன்மேல் உள்ள வழக்கை அத்தோடு மூடிவிடுவார்கள். அப்புறம் நடப்பது அவன் கொலை வழக்கு. அதில் இறந்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் வரும். பாப்பா எங்கே வருவாள் தெரியுமா? 'முன்விரோதம் காரணமாக' என்று பேப்பரில் போடுவார்களே, அந்த ஒரு வார்த்தைக்குள். 24 வருஷம் வளர்த்த பிள்ளை, தம்பி.

டெக்சாஸ் கேஸைப் பற்றிச் சொன்னாய். உங்கள் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில், ஆல்வினில், 2012 டிசம்பரில் பெட்ரோல் தீர்ந்த வண்டியை அப்பாவோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்த 11, 12 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் குடிபோதையில் வந்தவன் மோதிக் கொன்றான். அவனை அங்கேயே யாரோ சுட்டார்கள். 2014இல் ஜூரி அந்த அப்பாவை விடுதலை செய்தது. "பெத்தவன் செஞ்சது சரின்னு விட்டுட்டாங்க" என்றாய். நானும் தேடிப் படித்தேன். சுட்ட துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மனுஷர் தரப்பில் சொன்னது, சுட்டது அவர் இல்லை என்பதுதான். சாட்சியம் போதாமல் விட்டார்கள். சரிதான் என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக இன்னொருத்தன் சாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மனுநீதிச் சோழனையும் இழுத்தாய். நம்ம ஊர்க் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அந்தப் பசு மணியைத்தான் போய் இழுத்தது. இளவரசனைக் குத்தப் போகவில்லை.

சட்டம் நம்மை நன்றாக நடத்துகிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டரைக்கு மோதினான், ரத்தம் எடுத்தது மறுநாள் காலை ஏழு மணிக்கு. வண்டி ஓட்டுகிறவனுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் தானாக இறங்கும். பத்து மணி நேரம் விட்டால் நன்றாகக் குடித்தவன்கூட யோக்கியன் ஆகிவிடலாம். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றே வந்தது.

இப்போது புதுச் சட்டத்தின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் சாவு என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள், அதிகபட்சம் 5 வருஷம். ஸ்டீயரிங் பிடித்த காலமெல்லாம் நான் பயந்த பழைய 304ஏ என்றால் 2 வருஷம்தான். ஆள் சாகும் என்று தெரிந்தே செய்தான் என்று 105ஆம் பிரிவுக்கு மாற்றினால் 10 வருஷம்வரை போகும். மும்பையில் 2006இல் குடித்துவிட்டு ஓட்டி, நடைபாதையில் தூங்கிய தொழிலாளிகள் 7 பேரைக் கொன்ற வழக்கு ஒன்று. குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு ஆள் சாகும் என்று தெரிந்தே இருக்கும் என்று 2012இல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. கிடைத்ததோ 3 வருஷம். போதுமா என்றால், போதாது. ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் நம் வக்கீல் மனுப் போடுகிறார். அவன் குடித்த பாரில் இருந்த கேமராவின் பதிவு கிடைத்திருக்கிறது. காரில் கூட இருந்த பையன் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். நீ அவன்மேல் கை வைத்தால் இந்தப் பையன்தான் முதலில் வாயை மூடுவான்.

உன்னால் ஆகவேண்டிய காரியம் வேறு ஒன்று இருக்கிறது. நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள் போட்டாக வேண்டும். ஐந்து மாசம் ஓடிவிட்டது. அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். மகளுக்கு விலை வாங்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தப்பு என்மேல்தான். வக்கீல் கணக்குப் போட்ட காகிதத்தை அவள் கண்ணில் பட விட்டேன். வயது 24, அதனால் வருஷச் சம்பளத்தை 18ஆல் பெருக்க வேண்டுமாம். கல்யாணம் ஆகாதவள், அதனால் பாதியை அவள் சொந்தச் செலவு என்று கழித்துவிடுவார்களாம். அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "என் பிள்ளை எந்த மாசம் பாதியைத் தனக்கு வச்சுக்கிட்டா?" என்று கேட்டாள். முதல் தேதி சாயங்காலம் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டிப் பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வாளே, அது உனக்கும் தெரியும்.

நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. நான் சொன்னால் கேட்க மாட்டாள். அடுத்த வாய்தா 19ஆம் தேதி. அதற்கு முன்னால் வந்துவிடு. அன்றைக்கு அவன் வருவான். நாம் மூன்று பேரும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

டிக்கெட் போட்டதும் சொல். திருச்சிக்கு நானே வருகிறேன்.

அப்பா