பென், உன் அணி ஜெயித்திருக்கவே கூடாது

அன்புள்ள பென் ரைட்மேன்,

நீ ‘ஃபீவர் பிட்ச்’ படத்தில் வரும் கற்பனை ஆள், இது உன் கைக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் 2005-இல் வந்த அந்தப் படத்தை மறுபடி பார்த்ததிலிருந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை: நீ உயிரையே வைத்திருக்கும் பாஸ்டன் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸ் ஜெயித்ததில் உன் படத்துக்கு நஷ்டம்தான்.

மூலக்கதை 1992-இல் நிக் ஹார்ன்பி எழுதியது. பலரும் நாவல் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆர்சனல் என்ற லண்டன் கால்பந்து அணியின் மேல் பைத்தியம் பிடித்து அலைந்தவரின் சொந்தக் கதை. 1997-இல் காலின் ஃபிர்த்தை வைத்து இங்கிலாந்தில் எடுத்தவர்களுக்கு முடிவைப் பற்றிக் கவலையே இல்லை. 1989 மே 26, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம், கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த கோல், 18 வருஷத்துக்கு அப்புறம் ஆர்சனலுக்குப் பட்டம் என்று எல்லாம் தயாராக இருந்தது.

உன் கதை அப்படியா? 1918-க்குப் பிறகு பாஸ்டனுக்குக் கோப்பையே கிடையாது. 2004-லும் தோற்பார்கள் என்று நம்பித்தான் இயக்குநர்கள் ஃபாரெலி சகோதரர்கள் படப்பிடிப்பில் இறங்கினார்கள். பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்ற அணி அடுத்த நான்கையும் ஜெயிக்கும் என்று யார் கண்டது? கடைசியில் இறுதி ஆட்டம் நடந்த செயின்ட் லூயிஸுக்கு ஓடி, நிஜ வீரர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த மைதானத்திலேயே உன்னையும் உன் காதலி லிண்ட்சியையும் இறக்கிவிட்டு முடிவை மாற்றினார்கள்.

எனக்குப் பிடித்த படம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஒருநாள் மேட்சை விட்டுவிட்டு லிண்ட்சியோடு பார்ட்டிக்குப் போகிறாய். வாழ்க்கையிலேயே அருமையான ராத்திரி என்று அவளிடம் நீயே சொல்கிறாய். அப்புறம் போன் வருகிறது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஏழு ரன் பின்தங்கியிருந்த உன் அணி யாங்கீஸை வீழ்த்திவிட்டதாம்! அவ்வளவுதான், அந்த ராத்திரியே உனக்குக் கசந்துபோகிறது. பக்கத்தில் இருப்பவளின் முகம் வாடியதுகூட உன் கண்ணில் படவில்லை. சிரிப்புப் படம்தான், ஆனால் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. (எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் உண்டு. மேட்ச் நாளில் ஃபோனை எடுக்கவே மாட்டார்.)

நீ ரெட் சாக்ஸை நேசிக்கிறாய் சரி, அது உன்னைத் திருப்பி நேசித்ததுண்டா என்று உன் மாணவன் ஒருவன் கேட்டானே, மொத்தப் படமும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அணி தோற்றிருந்தால் நீயே ஒரு பதிலைத் தேட வேண்டி வந்திருக்கும். கோப்பை வந்து உன்னைத் தப்பிக்க விட்டுவிட்டது. சீசன் டிக்கெட்டை நீ விற்கப் போவதைத் தடுக்க ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் ஓடினாளே லிண்ட்சி, அவளுடைய துணிச்சலும் அந்தக் கொண்டாட்டச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அப்புறம் 2007, 2013, 2018 என்று இன்னும் மூன்று கோப்பை. உன் மாமா கார்ல் உன்னை முதன்முதலாக ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வேக்குக் கூட்டிப்போன காலத்து அணியா இது? எண்பத்தாறு வருஷம் காத்திருந்த கதையைச் சொன்னால் உங்கள் பிள்ளை நம்புமா? போகட்டும். குளியலறையில் யாங்கீஸ் பெயர் போட்ட டாய்லெட் பேப்பர் வைத்திருந்தாயே, அதை லிண்ட்சி தூக்கி எறிந்திருந்தால் மட்டும் நான் உன் கட்சி.

அன்புடன்,
மேட்ச் பார்க்காத ஒருத்தி