லோங்கேவாலா: தீர்ப்பு வேண்டாம், ஆவணங்களைத் தாருங்கள்

பெறுநர்: வரலாற்றுப் பிரிவு, பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். இந்திய-பாகிஸ்தான் போரின்போது, 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவும் மறுநாளும் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்து லோங்கேவாலாவில் நடந்த சண்டையைப் பற்றி, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் தரைப்படையினர் ஒரு வரலாறும் விமானப்படையினர் வேறொரு வரலாறும் சொல்லிவருகிறார்கள். இப்பிணக்கைத் தெளிவிக்கும் தாள்கள் உங்கள் பொறுப்பில் சேர வேண்டியவை என்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பகுதி சிறியதன்று. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் 23-ஆம் பஞ்சாப் பட்டாலியனைச் சேர்ந்த ஏறத்தாழ 120 வீரர்கள் அங்கிருந்த எல்லைக் காவல்நிலையில் இருந்தனர். பாகிஸ்தான் படை டாங்கிகளோடு இரவில் எல்லை தாண்டி வந்தது. இந்திய விமானப்படையின் ஜெய்சல்மேர் தளத்து ஹன்டர் போர் விமானங்கள் இரவில் தாக்கும் வசதி இல்லாததால் விடிந்த பிறகே வந்து, திறந்த மணல்வெளியில் அகப்பட்ட டாங்கிகளை நொறுக்கின. சர்ச்சை முழுவதும் விடிவதற்கு முந்தைய சில மணி நேரத்தைப் பற்றியதே. ஜீப்பில் பொருத்திய டாங்கி எதிர்ப்புப் பீரங்கியைக் கொண்டு காவல்நிலையினர் எதிரியை விடியும்வரை தடுத்து நிறுத்தினர் என்பது ஒரு கூற்று. தரையில் சொல்லத்தக்க சண்டையே நடக்கவில்லை என்பது, ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் பின்னாளில் முன்வைத்த கூற்று. அதை எதிர்த்துச் சாந்த்புரி ஒரு ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்கர விருது பெற்ற ஒருவர் தாம் போரிட்டதை மெய்ப்பிக்க நீதிமன்றப் படியேற நேர்ந்தது எவருக்கும் பெருமையன்று. 2018-ல் அவர் காலமானார்.

இச்சண்டையை வைத்து 1997-இல் வந்த ‘பார்டர்’ என்ற இந்தித் திரைப்படம் குழப்பத்தைக் கூட்டியது. அதில் மடிவதாகக் காட்டப்பட்டவர்களுள், போருக்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தவர்களின் பெயர் தாங்கிய பாத்திரங்களும் உண்டு. உண்மையில் இந்தியத் தரப்பில் உயிரிழந்தோர் இருவர். இந்த ஓர் எண்ணையே இரு தரப்பும் சான்றாகக் காட்டுவதுதான் விந்தை: பதுங்குகுழிகள் அவ்வளவு உறுதியாக அமைந்திருந்தன என்கிறது ஒன்று, எதிரி நெருங்கியே வரவில்லை என்கிறது மற்றது.

டாங்கிகளின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. தாழப் பறந்து சில நொடிகளில் சுட்டுவிட்டு மேலெழும் விமானி, தாம் தாக்கியது ஏற்கெனவே அடிபட்ட டாங்கியா என்று அறிய வழியில்லை. சண்டை ஓய்ந்தபின் களத்தில் எண்ணியவர்களோ குண்டடிபட்டது, மணலில் புதைந்து நின்றது, குழுவினர் கைவிட்டு ஓடியது ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்திருக்கக்கூடும். எனவே நூலுக்கு நூல் எண் வேறுபடுவதை வைத்து எவரையும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் எண்ணும் எப்போது, யாரால், எதை எண்ணிப் பெறப்பட்டது என்று தெரிந்தால் போதும். அதற்குப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பும், இரவில் அனுப்பிய கம்பியில்லாச் செய்திகளின் நேரப் பதிவும், விமானிகள் திரும்பியதும் அளித்த அறிக்கைகளும், விமானத் துப்பாக்கியோடு இணைந்த கேமராவின் படச்சுருள்களும் வேண்டும். மணலில் டாங்கிகளின் தடங்கள் வளைந்து வளைந்து கிடப்பதைக் காட்டும் வான்வழிப் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருக்கிறோம். அதன் கீழே எடுத்த நேரம் அச்சிடப்பட்டு நான் கண்டதில்லை.

1971 போரைப் பற்றி உங்கள் பிரிவு 1992-இல் எழுதி முடித்த அதிகாரபூர்வ வரலாறு நெடுநாள் வெளியிடப்படாமல் இருந்து, 2000-இல் ஒரு நாளிதழின் வழியே கசிந்தது. 2021 ஜூனில் அமைச்சகம் அறிவித்த கொள்கையின்படி, போர் ஆவணங்கள் வழக்கமாக 25 ஆண்டுகளில் மறைப்பு நீக்கப்பட வேண்டும். லோங்கேவாலா அந்த வரம்பை 1996-லேயே தாண்டிவிட்டது.

ஆதலால் என் வேண்டுகோள் இது. எந்தப் படைக்கு எவ்வளவு புகழ் என்று புதிதாகத் தீர்ப்பெழுத வேண்டாம். இரு படைகளின் அன்றைய பதிவுகளையும் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைத் திருத்தாமல், ஒரே தொகுப்பாக வெளியிடுங்கள். தரைப்படையின் கிழக்குக் கட்டளையகத்தின் 1971-ஆம் ஆண்டு ஆவணங்கள் அழிக்கப்பட்டதாக 2010-இல் செய்தி வந்ததை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. மேற்கு எல்லையிலும் அவ்வாறு அழிந்தவை உண்டெனில், எவை, எந்த ஆண்டில், யாருடைய ஆணையின்பேரில் அழிக்கப்பட்டன என்ற பட்டியலையும் அத்தொகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
போர் வரலாறு பயிலும் குடிமகன் ஒருவன்