இன்னும் வலது காலிலேயே நிற்கிறாய், பாப்பா

அன்புள்ள பாப்பா,

சிங்கப்பூரில் நீ கோல்ஃப் அடித்துப் பழகும் ரேஞ்சில் எடுத்த வீடியோவை அம்மாவிடமும் காட்டினேன். "ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கா" என்றாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் உன் கால்களைத்தான் பார்த்தேன். பந்து போன பிறகும் பாதி பாரம் வலது காலிலேயே இருக்கிறது, கடைசியில் பின்பக்கம் ஒரு எட்டு தடுமாறுகிறாய். 7 அயர்ன் மட்டையில் சில அடி பந்தின் தலையில் பட்டு டாப் ஆகிறது, சில அடி தரையில் விழுகிறது என்றாயே, இரண்டுக்கும் இதுதான் காரணம். மட்டை போகும் வட்டத்தில் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு. பாரம் இடது காலுக்கு வந்துவிட்டால் அது பந்தைத் தாண்டி விழும், புல்லும் பந்துக்கு அப்புறம்தான் பெயரும். பின்காலிலேயே தங்கினால் மட்டை பந்துக்கு வருமுன்பே மண்ணில் குத்தும், இல்லாவிட்டால் மேலே எழும்பிக்கொண்டே பந்தின் தலையில் தட்டும்.

ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் புல் பாயில் இந்தக் கோளாறு சரியாகத் தெரியாது. மட்டை அதில் பட்டு வழுக்கிப் போய் எப்படியோ பந்தை அடித்துவிடும், நீயும் நல்ல ஷாட் என்று நினைத்துக்கொள்வாய். இங்கே குன்னூர்ப் பக்கம் வெல்லிங்டன் மைதானப் புல்லில் அதே அடிக்கு மண்தான் பறக்கும்.

கோச் 'வெயிட் ஷிஃப்ட்', அதாவது பாரத்தை மாற்று, என்றதும் நீ இடுப்பை வலப்பக்கம் தள்ளுகிறாய். தள்ளாதே, திரும்பு. மட்டையைப் பின்னால் எடுக்கும் பேக்ஸ்விங்கில் அழுத்தம் வலது பாதத்தின் உள்விளிம்பில், கட்டைவிரல் பக்கத்திலிருந்து குதிகால்வரை தெரிய வேண்டும். சுண்டுவிரல் பக்கம் ஷூ அழுந்தினால் வெளியே சாய்ந்துவிட்டாய், அங்கிருந்து நேரத்துக்குத் திரும்பி வர முடியாது.

நேரம்தான் இதில் பெரிய விஷயம். கைகள் மேலே போய் நின்ற பிறகு பாரத்தை மாற்றலாம் என்று காத்திருந்தால் முடிந்தது கதை. மட்டை மேலிருந்து பந்துக்கு இறங்கும் டவுன்ஸ்விங்கே ஏறக்குறைய கால் விநாடிதான். கைகள் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது கால் தரையை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். மாங்காய்க்குக் கல்லெறிகிற பையன்களைப் பார், கை பின்னால் இருக்கும்போதே கால் முன்னால் போய்விடும், யாரும் சொல்லித் தருவதில்லை.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பாதங்களைச் சேர்த்து வைத்து நில். மட்டையைப் பின்னால் எடு, அது இடுப்பைத் தாண்டும்போது இடது காலை இலக்குப் பக்கம் ஒரு எட்டு வை, வைத்த பிறகு அடி. முதலில் பந்து வேண்டாம், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அப்புறம் பாதங்களைச் சேர்த்தபடியே, எட்டு வைக்காமல், பாதி ஸ்விங்கில் பந்தை அடித்துப் பார். கைபலத்தைக் காட்டினால் தள்ளாடுவாய், உடம்பு திரும்பி அடித்தால் நிற்பாய்.

அடித்து முடித்ததும் பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும், வலது காலின் நுனி மட்டும் தரையில் இருக்க வேண்டும். பந்து கீழே விழும்வரை அப்படியே நில். மட்டைப் பை சுமந்து கூட வரும் எங்கள் கேடி ஒருவர் பந்து எங்கே போனது என்று சொல்வதற்கு முன்னால் "சார், நிக்கவே இல்லையே" என்பார். அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

இடது குதிகாலைத் தூக்கலாமா என்று கேட்டிருந்தாய். பெரிய சாம்பியனான ஜாக் நிக்லஸ் தூக்கித்தான் ஆடினார், ஆனால் சிறுவனாக இருந்தபோது அவருடைய கோச் ஜாக் கிரவுட் அவரைக் குதிகால் தரையை விட்டு எழாமல், கணுக்காலை மட்டும் உருட்டி அடிக்கப் பழக்கினார். நீயும் முதலில் அதைப் பழகு, தூக்குவதெல்லாம் பிறகு. தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்கு மட்டும் பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும், தலை பந்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும். பாரத்தை மாற்றுகிறேன் என்று நெஞ்சை முன்னால் பாய்ச்சாதே.

மேட்டை ஏறுகிற சரிவில் பாரம் தானாகப் பின்காலுக்கு வந்துவிடும், உனக்கு அங்கேதான் சிரமம் இருக்கும். தோள்களைச் சரிவுக்கு ஏற்றபடி வைத்து முக்கால் ஸ்விங்கோடு நிறுத்திக்கொள். இறக்கத்தில் நேர்மாறு, அடித்த வேகத்தில் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான கேரி பிளேயர் மாதிரி வலது காலை எடுத்து முன்னால் நடந்துவிட்டாலும் தப்பில்லை.

டிசம்பரில் வரும்போது முழு செட்டையும் தூக்கிக்கொண்டு வராதே, 7 அயர்னும் ஷூவும் போதும். ஸ்வெட்டர் மறக்காதே, காலையில் குன்னூர்க் குளிர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

அப்பா