கல் பார்க்கிற கண்

கிருஷ்ணகிரி

அன்புக் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். "ஒரு லோடு கல்லைப் பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதுவீர்கள், நான் அனுப்பிய படத்துக்கு 'நன்றாக இருக்கிறது' என்று ஒரே வார்த்தையா அப்பா?" என்று கேட்டாய். ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வார்த்தை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உன் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டேன். முப்பது வருடம் கிரானைட் தொழிற்சாலையில் தரம் பார்த்தவனுக்கு நேரில் நின்று பாராட்ட வராது, எழுதத்தான் வரும். இதோ, எழுதுகிறேன்.

முதலில், நீ அனுப்பிய 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி என்ற விண்வெளிப் படத்தின் 4கே தட்டு (டிவிடியைவிடப் பல மடங்கு நுட்பமாகப் படம் பதியும் புளூ-ரே வகை) வந்த பெட்டி. உறைக்குள் தட்டைப் பிடிக்கும் பற்களில் ஒன்று வழியிலேயே முறிந்திருந்தது. மூன்று தட்டுகளில் ஒன்று கழன்று உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. உன் அம்மா "அவ்வளவுதான், போயிற்று" என்றாள். நான் அதை விளிம்பில் பிடித்து, கூடத்து டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பார்த்தேன். ஸ்லாப், அதாவது அறுத்து மெருகேற்றிய கல் பலகை, பார்ப்பதும் இப்படித்தான். விளக்கின் பிம்பம் கல்லின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வளையாமல் ஓடினால் மட்டம் சரி. எங்கேயாவது நெளிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். தட்டில் நெளிவும் இல்லை, கோடும் இல்லை. இந்த வகைத் தட்டில் படம் பதிந்திருப்பது மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். பழைய டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். அதனால்தான் இதற்கு மேலே கடினமான பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு போட்டவன் வேலை தெரிந்தவன்.

2001: எ ஸ்பேஸ் ஒடிஸியை நாம் இருவரும் முதலில் பார்த்தது உனக்கு நினைவிருக்கிறதா? கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ஆம் வருடம். உனக்கு ஒன்பது வயது. வாடகைக்கு எடுத்த டிவிடி, 21 அங்குலப் பெட்டி டிவி. படம் அகலம், டிவி சதுரம். ஆகவே திரையில் ஐந்தில் இரண்டு பங்கு கறுப்புப் பட்டைக்கே போய்விட்டது. விண்கலத்தின் கம்ப்யூட்டர் ஹால், இரண்டு வீரர்களின் உதட்டசைவைப் படித்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் கரண்ட் போயிற்று. ஹால்தான் நிறுத்திவிட்டது என்று நீ வீறிட்டு அழுதாய். மறுநாள் கடைக்காரர் தட்டைத் திரும்பக் கேட்டுவிட்டார். மீதியை நாம் பார்க்கவேயில்லை.

அந்த டிவிடியில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு, ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். நீ அனுப்பியதில் 83 லட்சம். ஆனால் எண்ணிக்கையை வைத்து நான் தரம் சொல்வதில்லை. பத்தடிக்கு ஆறடி ஸ்லாப் என்றால் பெரிய ஸ்லாப் என்றுதான் அர்த்தம், நல்ல ஸ்லாப் என்று அல்ல. எந்தக் குவாரியின் பிளாக்கிலிருந்து அறுத்தது என்பதுதான் கேள்வி. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968-இல் வெளிவந்த இந்தப் படம் சாதாரண 35 மி.மீ. பிலிமில் எடுத்தது அல்ல, 65 மி.மீ. பிலிமில் எடுத்தது. ஒரு சட்டத்தின் பரப்பு மூன்று மடங்குக்கும் மேல். 2018-இல் வந்த இந்த 4கே தட்டுக்காக, நகலிலிருந்து அல்லாமல் கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவிலிருந்தே, 4கே-யைவிட நுட்பமான 8கே அளவில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் தந்திரக் காட்சி என்றால் பிலிமின் மேல் பிலிமாக நகலெடுத்துச் சேர்ப்பார்கள், ஒவ்வொரு நகலிலும் தெளிவு தேயும். குப்ரிக் முடிந்தவரை அந்த அசல் நெகட்டிவையே திரும்பத் திரும்பக் கேமராவில் ஓட்டி, விண்கலத்தின் பாகங்களை அதிலேயே பதித்தார். ஒருமுறை கை தவறினாலும் முன்பு எடுத்ததெல்லாம் வீண். பிளாக்கிலேயே வெடிப்பு இருந்தால் எந்த பாலிஷும் மறைக்காது. இந்த பிளாக்கில் வெடிப்பு இல்லை.

டேப் எடுத்து அளந்தேன். சிரிக்காதே. நம் 55 அங்குல டிவியில் படத்தின் அகலம் 122 சென்டிமீட்டர், உயரம் 55-க்குச் சற்று மேல். வகுத்தால் 2.2. 65 மி.மீ.-இல் எடுத்த படத்தைத் தியேட்டரில் 70 மி.மீ. பிலிமில் ஓட்டுவார்கள், அதில் அந்தப் படம் ஓட வேண்டிய விகிதம் 2.20. ஒரு விரற்கடை கூடத் திருடவில்லை. "இருபது வருடமாகியும் இந்தப் பட்டை போகவில்லையா?" என்று உன் அம்மா கேட்டாள். பட்டை இருப்பதுதான் சரி என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை.

படம் தொடங்கியதும் மூன்று நிமிடம் போல வெறும் கறுப்பும் இசையும்தான். தட்டு பழுது என்று நானும் ஒரு கணம் பயந்துவிட்டேன். தியேட்டரில் திரைச்சீலை விலகுவதற்கு முன்னால் ஒலிக்க வேண்டிய இசை அது. பிறகு அந்த மூன்று நிமிடத்தை நான் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டேன்: விளக்குகளை அணைத்துவிட்டுக் கறுப்பைப் பார்த்தேன்.

கறுப்பைப் பற்றி உன் அப்பனுக்குக் கொஞ்சம் தெரியும். நம் பக்கத்துக் கறுப்புக் கல்லை வியாபாரத்தில் கிரானைட் என்கிறோம், புவியியல் படித்தவர்கள் டோலரைட் என்பார்கள். வெட்டியதெல்லாம் கறுப்பாக வருவதில்லை. சிலது சாம்பல் பூத்து வரும். பேராசைக்காரர்கள் அதன்மேல் கறுப்பு எண்ணெயை ஏற்றிவிடுவார்கள். முற்றத்தில் வெயிலில் நிற்கும்போது அது அசல் கல்லைவிட அதிகமாக மின்னும். வாங்குபவன் மயங்கிவிடுவான். சமையலறையில் போட்டு ஆறு மாதம் சோப்பும் எலுமிச்சையும் பட்டதும் திட்டுத்திட்டாக வெளுக்கும். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், துணி கறுத்தால் கல் பொய். இந்த ஒரு சோதனைக்காக என்னைத் திட்டாத முதலாளி இல்லை.

நம் டிவியில் அந்த மூன்று நிமிடம் கறுப்பாக இல்லை, நனைந்த சிலேட்டின் நிறத்தில் இருந்தது. நான் தட்டின்மேல் பழி போடத் தயாராகிவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து, தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். உன் பெரியப்பா மகன் வீட்டில் ஓஎல்இடி டிவி இருக்கிறது அல்லவா? அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணையும், பின்னாலிருந்து கசியும் விளக்கு கிடையாது. அங்கே அறையை இருட்டாக்கிப் போட்டதும் டிவி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தட்டு சுத்தம், விளக்குதான் குற்றவாளி. ஆனால் அவனும் ஒரு தப்பு செய்து வைத்திருந்தான். படத்தின் அமைப்பை 'விவிட்' என்பதில் வைத்திருந்தான், அசைவை வழவழப்பாக்கும் வசதியும் போட்டிருந்தான். அது எண்ணெய் ஏற்றிய கல். கறுப்பு கூடுவதுபோல் தோன்றும், உண்மையில் கறுப்புக்குள் இருந்தவை அழிந்துபோகும். விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படம் மாலை நேரத் தொடரைப்போல வழுக்கும். சினிமா என்ற அமைப்புக்கு மாற்றி, ஷார்ப்னஸைக் கீழே இறக்கியதும் விண்கலத்தின் நிழல் பக்கம் எழுந்து வந்தது. வெயில் படும் பாதி வெண்மை. மறுபாதி இருட்டு, ஆனால் அந்த இருட்டுக்குள் ஜன்னலின் விளிம்பு, தகடு தகடாகப் பிரியும் கோடு எல்லாம் இருக்கின்றன. நல்ல கறுப்புக் கல்லும் அப்படித்தான், கிட்டே குனிந்தால் உள்ளே மணி, அதாவது கல்லின் நுண்துகள், தெரியும்.

அந்த மணிதான் இந்தத் தட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. பிலிமில் படம் என்பது ஒளி பட்டு உருவான நுண்துகள்களின் கூட்டம். கூர்ந்து பார்த்தால் வானத்தில் மெல்லிய மணல் அசைவதுபோல் இருக்கும். இதை அழுக்கு என்று நினைத்துக் கணினியில் துடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூரில் அவன் பெருமையாக வேறொரு படத்தின் தட்டையும் போட்டுக் காட்டினான், இயந்திர மனிதன் வருகிற படம். நடிகர்களின் முகம் மெழுகுப் பொம்மை. தாடி ஒவ்வொரு மயிராகத் தெரிய வேண்டிய இடத்தில் மைப்பூச்சு. மணியைத் தேய்த்தால் அதனுடன் தோலும் போய்விடும் என்று துடைத்தவனுக்குத் தெரியவில்லை. உன் தட்டில் அந்தத் தேய்ப்பு இல்லை. குரங்கு மனிதர்கள் வரும் பாலைவனக் காட்சியில் மணி மெல்லத் துலங்குகிறது, அவர்களுடைய உடல் மயிர் தனித்தனியாக நிற்கிறது.

அதே பாலைவனத்தில் ஒரு சிறுத்தை வருகிறது. இறந்த வரிக்குதிரையின் பக்கத்தில் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது அதன் கண் இரண்டும் விளக்குப்போல் எரிகின்றன. அந்தப் பாலைவனம் ஸ்டுடியோவுக்குள் இருந்தது. ஆப்பிரிக்காவில் எடுத்த நிலப்படத்தை முன்பக்கத்திலிருந்து, வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் திரையின் மேல் வீசியிருக்கிறார்கள். அந்த ஒளி சிறுத்தையின் கண்ணிலும் பட்டுத் திரும்பிவிட்டது. நம் தொப்பூர் மலைப்பாதையில் இரவில் லாரி வெளிச்சத்தில் மாட்டின் கண் மின்னுமே, அதேதான். 2004-இல் அது ஒரு மங்கல் புள்ளி. இப்போது பார்த்ததும் நான் ரிமோட்டைத் தேடி, அதை நான்கு முறை திரும்பப் போட்டேன்.

காற்றில் மிதக்கும் பேனாவையும் கவனித்தேன். கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சுழற்றிய பேனா அது. பணிப்பெண் அதை எடுக்கும்போது சின்னதாக ஓர் இழுப்பு, ஒட்டியதை உரிக்கும் இழுப்பு, தெரிந்துவிடுகிறது. இதைக் குறை என்று நான் எழுத மாட்டேன். தட்டு உண்மையைச் சொல்கிறது.

இனி படத்தில் மர்மமாக வந்து நிற்கும் அந்தக் கறுப்புக் கல்லுக்கு வருகிறேன். நீ இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து எனக்கு அனுப்பிய காரணம் அதுதான் என்பது எனக்குத் தெரியாதா? பாலைவனத்தில் ஒருமுறை, நிலவின் குழிக்குள் ஒருமுறை நிற்கிறது. நிலவில் அதைச் சுற்றிலும் விளக்கு வைத்திருக்கிறார்கள். விண்வெளி உடை போட்ட ஒருவர் கையுறையோடு அதைத் தடவுகிறார். அங்கே படத்தை நிறுத்தி, திரைக்கு அரை அடி தூரத்தில் போய் நின்றேன். கண்ணாடி மெருகு இல்லை. பட்டுப்போல் நிறுத்திய மெருகு. விளக்கின் ஒளி அதன்மேல் கூர்மையாக விழாமல் பரவுகிறது. கல் இல்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஓசூர் அண்ணன் பிறகு படித்துச் சொன்னான்: முதலில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் வார்த்துப் பார்த்து, பிடிக்காமல், மரத்தில் செய்து கிராஃபைட் கலந்த கறுப்பு பூசினார்களாம். மரம்! கிருஷ்ணகிரிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் நிஜக் கல்லாகவே அனுப்பியிருப்போம். இருந்தாலும், பிலிமின் அந்தக் கறுப்பு கறுப்பாகவே தட்டுக்கு வந்திருக்கிறது. பழைய தட்டுகளில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், இதில் 1024. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் இடத்தில் வரிவரியாக முறிவதில்லை.

அந்தக் காட்சியின் முடிவில் காதைத் துளைக்கும் ஓர் ஓசை வருகிறது. மிக்ஸியில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று உன் அம்மா சமையலறைக்கு ஓடினாள். ஒலிக்கு நான் தரும் சான்றிதழ் அதுவே.

கூடுதல் தட்டில் பேட்டிகளும் ஆவணப் படங்களும் இருக்கின்றன. நான் பார்க்கவில்லை. முடிவைச் சொல்லிவிடுவார்கள். நான் இன்னும் பாதிதான் பார்த்திருக்கிறேன். ஹால் உதட்டைப் படிக்கிறது, உடனே திரையில் இடைவேளை என்று எழுத்து வருகிறது. நமக்குக் கரண்ட் போனதும் படத்தின் இடைவேளையும் ஒரே இடம், தெரியுமா? ஓசூரிலும் அங்கேயே நிறுத்தித் தட்டை வெளியே எடுத்துவிட்டேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தை மாதம் நீ வருகிறாய் அல்லவா, அப்போது போடலாம்.

இணையத்தில் மாதச் சந்தாவுக்கே 4கே கிடைக்கும்போது இத்தனை செலவு தேவையா என்று அவன் கேட்டான். அங்கே விநாடிக்கு 15, 20 மெகாபிட் அளவில்தான் தகவல் வருகிறது, தட்டில் அதைப்போல் பல மடங்கு வர இடம் இருக்கிறது. கூட்டமாக நகரும் மணியும் இருட்டும்தான் நெருக்கடியில் முதலில் நசுங்கும். படம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதுமென்றால் சந்தாவே போதும். உனக்கும் எனக்கும் போதாது.

ஆக, அறிக்கை: முதல் தரம். சாக்பீஸ் வட்டம் ஒன்றே ஒன்று, முறிந்த பல்லுக்கு.

உன் வீட்டு டிவியின் கறுப்பு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் ஊருக்கு வரும் உன் தோழியிடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுக் கல் கொடுத்து அனுப்புகிறேன். டிவிக்குப் பக்கத்தில் வைத்து, அறையை இருட்டாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் படத்தின் அமைப்பைச் சரிசெய். எண்ணெய் போடாத கல். சந்தேகமாக இருந்தால் நீ நகப்பூச்சு அழிக்க வைத்திருக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து ஒருமுறை தேய்த்துப் பார்த்துக்கொள்.

உன் அப்பா