மடியில கனம் இல்ல, கணக்கும் இல்ல: கை குடுத்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தொண்டு அமைப்போட பொருளாளரா இதை எழுதுறேன். இந்த வருஷ ஆடிட் ரிப்போர்ட் கைக்கு வந்தாச்சு, எந்தக் குறையும் எழுதல. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம்னுதான் முதல்ல தோணுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி சிலருக்கு நன்றி சொல்லணும். யார் பேரும் போடல, போடக்கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

முதல் நன்றி போன வருஷம் பொதுக்குழுல எழுந்து நின்ன அக்காவுக்கு. "படிப்பு உதவிக்குன்னு நான் குடுத்தேன், அதுல எத்தனை பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டினீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி. எனக்கு சுர்ருன்னு கோவம் வந்துச்சு. சம்பளம் வாங்காம ராத்திரி பகலா உழைக்கிறோம், எங்களையே சந்தேகப்படுறீங்களான்னு நான் கத்துனது கூட்டக் குறிப்புல (மினிட்ஸ்) இல்லன்னாலும் அங்க இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அக்கா, அன்னைக்கு கத்துனதுக்கு மன்னிச்சுக்கோங்க. நீங்க கேட்டது சரி, எங்ககிட்ட பதில் இல்லாததுதான் எனக்கு அவ்ளோ கோவம்.

நடந்தது இதுதான். யாரும் ஒரு காசு எடுக்கல. ஆனா படிப்பு உதவிக்குன்னு வந்த பணத்தை முதியோர் பராமரிப்புக்கு "கைமாத்தா" எடுத்து செலவு பண்ணிட்டோம், அடுத்த மாசம் திருப்பி வச்சிடலாம்னு நினைச்சோம், அடுத்த மாசமும் அதேதான், எல்லாம் ஒரே பேங்க் அக்கவுண்ட்ல கிடந்ததால எது எதுக்கு வந்த பணம்னு போகப்போக எங்களுக்கே தெரியாமப் போச்சு. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குன்னு வாங்குன பணத்தை, குடுத்தவங்க சம்மதம் இல்லாம நல்ல காரியத்துக்கே செலவு பண்ணாலும் அது தப்புதான். மடியில கனமில்லன்னா வழியில பயமில்லன்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். கனம் இல்லதான். கணக்கும் இல்லையே!

அடுத்தது ரிட்டையர்ட் பேங்க் சார். 14 மாச பில்லை சாக்குப்பைல கட்டிக் கொண்டுபோய் அவர் முன்னாடி கொட்டினப்போ ஒரு வார்த்தை திட்டல. தேதிவாரியா அடுக்குன்னு மட்டும் சொன்னார். பாதி பில் வெள்ளைத்தாளா ஆகியிருந்துச்சு, அந்த வழவழ தெர்மல் பேப்பர்ல நாளாக ஆக எழுத்தே மறைஞ்சிடும், வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸோ ஃபோட்டோவோ எடுக்கணும்னு அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் கேஷ் புக்குக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் 360 இடிச்சுது. மூணு மணி நேரம் தேடிட்டு நான் அழற நிலைமை. சார் கேட்டார், "360 ஒன்பதால வகுபடுமா?" வகுபடும். "அப்போ எங்கயோ ரெண்டு எண் இடம் மாறியிருக்கும், இல்ல ஒரு சைபர் கூடக்குறைய விழுந்திருக்கும், அதைத் தேடு." பத்தே நிமிஷம், 7263ஐ 7623னு எழுதி வச்சிருந்தேன். இந்த வித்தை எனக்கு பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தரல சார்.

ஆடிட்டர் மேடத்துக்கு தனி நன்றி. போன வருஷ ரிப்போர்ட்ல "குவாலிஃபைட்"னு போட்டிருந்தாங்க, நான் வேற பாஸ் ஆயிட்டோம்னு நாலு பேருக்கு ஃபோன் போட்டு சொல்லிட்டேன். அப்புறம்தான் மேடம் சிரிச்சுட்டே விளக்குனாங்க, ஆடிட் பாஷைல அதுக்கு அர்த்தம் இன்ன இன்ன விஷயம் தவிர மத்ததெல்லாம் சரின்னு, அதாவது குறை சொல்லியிருக்காங்க! ஆடிட்டர் பாத்துப்பாருன்னு நீங்க நிம்மதியா இருக்கக்கூடாது, நாங்க எல்லா பில்லையும் பாக்குறதில்ல, சாம்பிள்தான் எடுப்போம்னும் சொன்னாங்க. மோசடிகளை ஆராயுற ஏசிஎஃப்ஈங்கற உலக அமைப்போட 2024 அறிக்கையைக் காட்டினாங்க, அவங்க ஆராய்ஞ்ச கேஸ்ல நூத்துக்கு 43 யாரோ ஒருத்தர் தகவல் குடுத்துதான் வெளிய வந்திருக்கு, வெளி ஆடிட்ல பிடிபட்டது நூத்துக்கு 5கூட இல்ல. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் அந்த அக்காவோட கேள்விக்கு என்ன மதிப்புன்னு புரிஞ்சுது.

தலைவருக்கும் நன்றி, கொஞ்சம் கூச்சத்தோட. அவசரத்துக்கு ஆகும்னு வெத்து செக்ல கையெழுத்து போட்டு என்கிட்ட குடுத்து வைக்கிறது வழக்கம். செக்ல ரெண்டு பேர் பாத்து கையெழுத்து போடணும்ங்கற விதியே அதோட செத்துப் போச்சுல்ல. இப்போ நிறுத்தியாச்சு. பில் பாக்காம அவரும் போடமாட்டார், நானும் கேக்கமாட்டேன். பணம் வாங்குறது ஒருத்தர், கணக்கு எழுதுறது இன்னொருத்தர், பேங்கோட ஒப்பிட்டுப் பாக்குறது மூணாவது ஆள்.

கணக்கு எழுதுற தம்பிக்கு சம்பளம் குடுக்கவே ஒருத்தர் நன்கொடை தந்தார். இதை நான் கண்டிப்பா சொல்லணும். பசிக்கு, படிப்புக்குன்னா பணம் வரும், கணக்காளர் சம்பளத்துக்கு யார் தருவா? "நான் குடுக்குற ஒவ்வொரு காசும் நேரா ஏழைங்களுக்கே போகணும்"னு சொல்றவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாங்க சாக்குப்பைல பில் வச்சிருந்தோம். 2013ல அமெரிக்காவுல தொண்டு நிறுவனங்களை அலசுற மூணு அமைப்பு, கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ், சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினாங்க, நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்ங்கறதை மட்டும் வச்சு ஒரு அமைப்பை எடை போடாதீங்கன்னு. அந்த மடல் நம்ம தம்பி சம்பளத்துக்கு நன்கொடை தந்தவருக்குத் தெரியுமோ என்னமோ, அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, மாசாமாசம் வரவு செலவை எல்லாருக்கும் காட்டுங்க.

காட்ட ஆரம்பிச்சப்போ ஒரு தப்பு பண்ணப் பாத்தோம். உதவி வாங்குனவங்க பேர், ஃபோட்டோ எல்லாம் போடலாம்னு முடிவு. ஒரு அம்மா வந்து "தொகையைப் போடுங்க, என் பொண்ணு மூஞ்சியைப் போடாதீங்க, அவ நாளைக்கு கிளாசுக்குப் போகணும்"னாங்க. அதோட பேரை எடுத்துட்டு நம்பர் குடுத்தோம், பேர் இருக்குற லிஸ்டை ஆடிட்டர் மட்டும் பாப்பாங்க. அந்த அம்மாவுக்கு நன்றி.

படிப்பு உதவி நிதிக்கு இப்போ தனி அக்கவுண்ட், எடுத்த கைமாத்து முழுசா திருப்பி வச்சாச்சு. ஒரே ஒரு பாக்கி. பழைய ரசீது புக்ல ரெண்டு அடிக்கட்டையைக் காணோம், அந்த வரவு யாரோடதுன்னு தெரியாம சஸ்பென்ஸ் கணக்குல நிக்குது. 212, 213 நம்பர் ரசீது உங்க வீட்டுல எங்கயாச்சும் கிடந்தா தயவுசெஞ்சு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க.